கலியாண அல்பத்துக்கு ஓகே வாங்குவதற்குள் திருத்தம் மேல் திருத்தம் வருகிறதே, எப்படிக் குறைப்பது?

மட்டக்களப்பில் அல்பம் டிசைன் செய்வதுதான் என் தொழில். படத் தெரிவுக்கு ஓகே வாங்காமல் போட்டோஷொப்பைத் திறக்காதீர்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

நம் பக்கம் அல்பத்தை மாப்பிள்ளையும் பொம்பிளையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. பொம்பிளையின் அம்மா, மாமா, கனடாவில் இருக்கும் அண்ணா என்று எல்லோருக்கும் ஒரு சொல் உண்டு. அவர்கள் பின்னணியையோ டிசைனையோ பற்றிப் பெரிதாகக் கேட்பதில்லை. "பெரியம்மா குடும்பம் எங்கே தம்பி?" என்றுதான் கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட. ஆனால் முடிந்த பக்கத்தில் ஒரு படத்தைப் புதிதாகச் சேர்த்தால் பக்கமே குலைந்துபோகும். அதனால் எல்லாப் படங்களையும் எண் போட்டுச் சின்ன அளவில் கொடுத்துத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். கட்டாயம் வர வேண்டிய சொந்தக்காரர் பட்டியலைத் தனியாகக் கேளுங்கள். கடைசி முடிவு சொல்லப்போகிறவர் யார் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அல்பத்தின் நடு மடிப்பு. 12க்கு 36 அங்குல விரிப்பு (எதிரெதிர் இரு பக்கமும் சேர்ந்தது) என்றால் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கில், 3600க்கு 10800 பிக்சல். அதன் நடுவில் மடிப்பு வரும் இடத்தைக் காட்டும் கைட் கோட்டை முதலிலேயே போட்டுவிடுங்கள். தாலி கட்டும் படத்தை விரிப்பு முழுக்கப் போட எல்லோருக்கும் ஆசை. இருவரும் படத்தின் நடுவில் இருந்தால் மடிப்பு நேரே பொம்பிளையின் கன்னத்தில் விழும். படத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, மடிப்பில் மணவறைப் பூ வரும்படி வையுங்கள். ஃபோனில் பார்க்கிறவருக்கு மடிப்பு தெரியாது. எனவே அனுப்பும் மாதிரியிலும் அந்தக் கோட்டை மெல்லியதாகக் காட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், "படம் மங்கலாக இருக்கு" என்று பதில் வரும். பக்க எண்ணும் வாட்டர்மார்க்கும் போட்டு பிடிஎஃப்பாக அனுப்புங்கள். திருத்தங்கள் பெரும்பாலும் வொய்ஸில்தான் வரும். அவற்றை "7ஆம் பக்கம், இடது மேல் படம் மாற்றம்" என்று எழுதித் திருப்பி அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகே செய்யுங்கள்.

கூறைச் சேலையின் சிவப்பு ஃபோன் திரையில் பளிச்சென்று இருக்கும், தாளில் அப்படி வராது. ஒரு பக்கத்தைச் சின்னதாக அச்சடித்துப் பகல் வெளிச்சத்தில் காட்டிவிட்டால் பிறகு நிறத்தைப் பற்றிப் பேச்சு வராது.

பெயர்களைக் கலியாண அழைப்பிதழைப் பார்த்தே எழுதுங்கள். பழைய போட்டோஷொப் பதிப்பில் யூனிகோட் தமிழின் கொம்பு இடம் மாறி நின்றால், டைப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தெரிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. முஸ்லிம்கள் அதிகம் வாழும் காத்தான்குடிப் பக்கம் சில வீடுகளில் பெண்களின் படங்கள் ஃபோனில் போவதை விரும்ப மாட்டார்கள். முதலிலேயே கேட்டுவிட்டு, அந்தப் பக்கங்களை வீட்டுக்கே லேப்டொப்பைக் கொண்டுபோய்க் காட்டி ஓகே வாங்குங்கள்.