மலைப்பாதை ஓட்டமும் பச்சை உடம்பும்: கேள்வி பதில்

கோவையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் பிரசவம் முடிந்த பெண்கள். விடுமுறை நாளில் மலையடிவாரத்தில் ஓடுவேன். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் டிரெயில், அதாவது மலை, காட்டுப் பாதைகளில், ஓடுவது பற்றிக் கேளுங்கள் என்றேன், கொட்டித் தீர்த்துவிட்டீர்கள். என் துறைக்குள் வருவதற்குப் பதில் சொல்கிறேன். மற்றதற்கு உங்கள் மகப்பேறு மருத்துவர் இருக்கிறார்.

ஈரோடு: அக்கா, நான்கு வருடமாக டிரெயில் ஓடுகிறேன். ஏற்காடு பக்கம் 12 கி.மீ. பந்தயத்துக்குப் பணம் கட்டிய பிறகுதான் நாள் தள்ளிப்போனது தெரிந்தது. பந்தயத்தன்று 20 வாரம் ஆகியிருக்கும். ஓடலாமா?

வாழ்த்துகள். ஏற்கெனவே ஓடிப் பழகியவர், கர்ப்பத்தில் சிக்கல் இல்லை, மருத்துவரும் சரி என்கிறார் என்றால் ஓட்டத்தை விட வேண்டியதில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது. ஆனால் அதே வழிகாட்டுதல், விழ வாய்ப்புள்ள விளையாட்டுகளைத் தவிர்க்கவும் சொல்கிறது. குதிரையேற்றம், பனிச்சறுக்கு, காட்டுப்பாதையில் சைக்கிள் என்று பட்டியல் போகிறது. டிரெயில் ஓட்டம் அதில் பெயர் சொல்லி இல்லை. ஆனால் சரளைக்கல் இறக்கத்தில் ஒருமுறை ஓடியவருக்கு அது எந்த வகை என்று தெரியும்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: விழாமல் வர முடியுமா? 12 வாரம் வரை கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள் பத்திரமாக இருக்கும். அப்புறம் மேலே ஏறும். 20 வாரத்தில் தொப்புள் உயரத்துக்கு வந்துவிடும். வயிறு அடிபட விழுந்தால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரியலாம், வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலும் பிரியலாம். ஏற்றத்தில் பயமில்லை. வேகம் குறைவு, தடுமாறினாலும் கை ஊன்றிக்கொள்ளலாம். இறக்கம்தான் வில்லன். மழை பெய்த மறுநாள் காப்பித் தோட்டப் பாதையில் சருகுக்கு அடியில் ஒரு சில்வர் ஓக் வேர் கிடக்கும். கால் அதில் வழுக்கினால் மற்ற நாளில் இடுப்பை வெட்டித் திருப்பிச் சமாளித்துவிடுவீர்கள். எடையெல்லாம் முன்னால் நகர்ந்திருக்கும் ஐந்தாம் மாதத்தில் இடுப்பு அந்த வேகத்தில் திரும்பாது.

ஆகவே ஏற்றத்தில் நடங்கள், சமதளத்தில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள், இறக்கத்தில் நடங்கள். கைக்கோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயத்தை முடிக்க வைத்திருக்கும் கட்-ஆஃப் நேரத்தைப் பாருங்கள். இறக்கத்தில் நடந்தால் நேரத்துக்குள் முடிக்க முடியாது என்றால் அந்தப் பந்தயம் இந்த வருடம் உங்களுக்கில்லை. ஜீப் வர முடியாத இடத்தில் பாதை போகிறதா என்றும் அமைப்பாளர்களிடம் கேளுங்கள்.

விழுந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரி. குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரம் கண்காணிப்பார்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதை வாசலிலேயே சொல்லுங்கள். குழந்தையின் ரத்தத்தை உங்கள் உடம்பு எதிர்க்காமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும்.

ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், தலைசுற்றல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வலி, இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், ரத்த அழுத்தம் ஏறியவர்கள், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் ஆரம்பிக்கவே வேண்டாம்.

திருச்சி: இதயத் துடிப்பு 140-ஐத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். எனக்கு வேகமாக நடந்தாலே 145 வருகிறது.

அந்த 140 அமெரிக்காவில் 1985ல் சொன்னது. 1994லேயே அதை எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கர்ப்பத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 10, 20 கூடும். கடிகாரத்தைவிட வாய் நம்பகமானது: ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. அதற்காக உச்ச வேகத்துக்கும் போகாதீர்கள். 6 ஒலிம்பிக் தர வீராங்கனைகளை வைத்து 2012ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், தாயின் துடிப்பு அவரது உச்சத்தில் 90 சதவீதத்தைத் தாண்டியபோது குழந்தையின் துடிப்பு குறைந்தது. இதயக் கோளாறு ஏதாவது இருந்து டாக்டர் 140 என்றிருந்தால் அவர் பேச்சுதான் பேச்சு. ஏன் என்று கேட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர்: மெக்ரிச்சி காட்டுப்பாதையில் வாராவாரம் ஓடுவேன். இப்போது 7 வாரம். வெயிலால் ஆபத்தா?

முதல் மூன்று மாதத்தில் உடம்பின் உள்வெப்பம் 39 டிகிரியைத் தாண்டி ஏறுவது நல்லதல்ல. குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் நேரம் இது. உங்கள் ஊரில் பிரச்சினை வெயிலைவிடப் புழுக்கம், வியர்வை காயாது. விடிந்ததும் ஓடி முடித்துவிடுங்கள். மரப்பலகைப் பாதை மழையில் வழுக்கும். நடங்கள்.

சென்னை: ஊட்டியில் ஒரு பந்தயம். 24 வாரம். வெள்ளி இரவு கிளம்பி சனி காலை ஓடுவதாகத் திட்டம்.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேலே போகும்போது பழக்கமில்லாதவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இரவெல்லாம் காரில் உட்கார்ந்து, தூக்கமில்லாமல், கடல்மட்டத்திலிருந்து நேராக அங்கே போய் ஓடாதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்னால் போங்கள், இல்லாவிட்டால் டீ குடித்துக்கொண்டு கை தட்டுங்கள்.

மதுரை: 5ஆம் மாதம், 21 கி.மீ. டிரெயில். ஓடலாமா மேடம்?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், சொன்னால் கேட்காமல் ஓடுகிறாள். நீங்களாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

அவரையே கேள்வி அனுப்பச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மா, எங்கள் தாயார் ஒன்பதாம் மாதம் வரை நாற்று நட்டார். வயலிலிருந்து வந்து எட்டுப் பிள்ளை பெற்றார். இந்த வாரக் கணக்கும் விதிமுறையும் அப்போது ஏது? இப்போதுள்ள பெண்களுக்கு உடம்பில் வலு இல்லை, அவ்வளவுதான்.

ஐயா, உங்கள் தாயார் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன். அவர் விரும்பி நடவில்லை. நடாவிட்டால் கூலி இல்லை. விருப்பப்பட்டு, நினைத்தபோது நிறுத்தக்கூடிய உடற்பயிற்சியும், நிறுத்த முடியாத கூலி வேலையும் உடம்புக்கு ஒன்றல்ல. நாள் முழுக்க நின்று, குனிந்து, சுமை தூக்கும் வேலையைக் குறைமாதப் பிரசவத்தோடும் எடை குறைந்த குழந்தைகளோடும் ஆய்வுகள் தொடர்புபடுத்துகின்றன. இன்று ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தமிழக அரசு பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்குத் தருவதே, கூலி போனாலும் ஓய்வும் சத்தான சாப்பாடும் கிடைக்கட்டும் என்றுதான்.

அதே ஆசிரியர்: ஆனாலும் அவர்கள் ஆரோக்கியமாகத்தானே இருந்தார்கள்?

இருந்தவர்களைத்தான் நாம் பார்த்தோம் ஐயா. அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம். 1997-98ல் இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 398 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 97.

கும்பகோணம்: பெரியவர் சொல்வதில் என்ன தப்பு? எல்லாவற்றுக்கும் பயம் காட்டினால்தானே கிளினிக் ஓடும்.

மேலே ஒருவருக்கு 20 வாரத்தில் பந்தயத்துக்குப் போகலாம் என்று வழி சொல்லியிருக்கிறேன். பயம் காட்டுவது இப்படித்தானா?

பட்டுக்கோட்டை: நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என் மாமியாரும் நடவு வேலைதான், ஆறு பிள்ளை. 'அடி இறங்கிவிட்டது' என்பதை யாரிடமும் சொல்லாமல் இருபது வருடம் துணியை மடித்து வைத்துக்கொண்டே வேலை செய்திருக்கிறார். போன வருடம் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனபோதுதான் எங்களுக்கே தெரியும்.

நன்றி அம்மா. ஆசிரியர் ஐயாவுக்கு நான் சொல்ல நினைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். கர்ப்பப்பை இறக்கத்தோடு என்னிடம் வரும் அறுபது வயதுக்காரர்களில் பலர் இதையேதான் சொல்வார்கள். அந்தத் தலைமுறைக்கு வலு இருந்தது, உண்மை. வாய்விட்டுச் சொல்லத்தான் இடமில்லை.

இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம். இன்னும் நாற்பது கேள்வி இருக்கிறது, அதில் பாதி '5ஆம் மாதம் ஓடலாமா'.

சேலம்: சுகப்பிரசவம். ஆறு வாரத்தில் டாக்டர் எல்லாம் சரி என்றார். ஏழாவது வாரமே மலைக்குப் போகலாமா?

ஆறாவது வாரத்தில் டாக்டர் பார்ப்பது தையல், ரத்தப்போக்கு, கர்ப்பப்பை சுருங்கியதா என்பது. ஓட்டத்தின் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமை இறங்கும், இறக்கத்தில் கால் ஊன்றும் அதிர்ச்சி இன்னும் கூடும். அதைத் தாங்குமா என்று அங்கே யாரும் சோதிப்பதில்லை. பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் 2019ல் எழுதிய வழிகாட்டுதல் 12 வாரத்துக்கு முன் ஓட வேண்டாம் என்கிறது. அதுவும் நாள்காட்டியைப் பார்த்து அல்ல, உடம்பைப் பார்த்து. 30 நிமிட நடை, ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பது, ஒற்றைக்காலில் 10 முறை பாதி உட்கார்ந்து எழுவது, நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது, ஒவ்வொரு காலிலும் 10 முறை குதிப்பது. வலி, கீழே கனம், சிறுநீர்க் கசிவு எதுவும் இல்லாமல் இதெல்லாம் முடிந்தால் ஆரம்பிக்கலாம்.

என் அறையில் பெரும்பாலானவர்கள் குதிப்பில்தான் மாட்டுவார்கள். ஐந்து வரை சிரித்துக்கொண்டே குதிப்பார்கள். ஆறாவதில் நின்று, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "மேடம், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்பார்கள். அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது. கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி இன்னும் சில வாரம்.

ஓட ஆரம்பித்த முதல் இரண்டு மாதம் சமதளம், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மலை அதற்குப் பிறகு. இறக்கத்தில் நடங்கள்.

கோவை: எனக்கு சிசேரியன். வெளியே தையல் ஆறிவிட்டது.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் கணக்கெடுப்பு, ஆகவே இது பலருக்குமான பதில். தோல் ஆறுவது கணக்கில்லை. வயிற்றுச் சுவரின் உறை ஆறு வாரத்தில் பழைய வலுவில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், ஆறேழு மாதத்தில்தான் முக்கால்வாசிக்கு மேல் வரும். 12 வாரம் என்பதைக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தழும்பு நன்றாக ஆறியதும் தினமும் இரண்டு விரலால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெதுவாக நகர்த்தி விடுங்கள். இடுப்புத்தளப் பயிற்சி சிசேரியன்காரர்களுக்கும் உண்டு. ஒன்பது மாதம் சுமந்ததும் அதே தசைதான்.

நாமக்கல்: ஓடும்போது சிறுநீர் கசிகிறது. 'பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்' என்கிறார் அம்மா.

நிறையப் பேருக்கு வருகிறது. அதற்காக அப்படியே இருந்துவிட வேண்டும் என்பதில்லை. முறையாகப் பயிற்சி செய்தால் மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குறையும். கீழே ஏதோ இறங்குவதுபோல் கனம் இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். பேட் வைத்துக்கொண்டு தொடராதீர்கள்.

திண்டுக்கல்: பத்தியத்தில் தண்ணீரே தர மாட்டேன் என்கிறார்கள். வயிற்றைச் சேலையால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கட்டினால் சீக்கிரம் ஓடலாமாமே?

பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் ஆனந்தமாகச் சாப்பிடுங்கள். தண்ணீரைக் குறைப்பதைத்தான் ஏற்க மாட்டேன். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்க வேண்டிவரும், ஏற்கெனவே தளர்ந்த தசையை அது இன்னும் கீழே தள்ளும். சேலைக் கட்டு தளர்வாக இருந்தால் முதுகுக்கு இதமாக இருக்கும். இறுக்கினால் அழுத்தம் கீழேதான் போகும். கர்ப்பத்தில் நடுவில் பிரிந்த வயிற்றுத் தசை கட்டினால் சேராது. சீக்கிரம் ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விழுப்புரம்: ஓடிவிட்டு வந்து கொடுத்தால் பால் புளிக்குமா?

புளிக்காது. மிதமாக ஓடினால் பால் குறையவும் செய்யாது, சாப்பாடு குறைந்தால் குறையலாம். முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவருக்கு நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது நம் நாட்டின் பரிந்துரை, ஓட்டத்துக்கு ஆவது தனி. கொடுத்துவிட்டு ஓடுங்கள். உள்ளாடை மார்பை நசுக்கினால் பால் கட்டும், காய்ச்சலில் கொண்டுபோய் விடும். ஜாஸ்மின் பாரிஸ் 2019ல் பிரிட்டனின் 268 மைல் ஸ்பைன் பந்தயத்தில், வழியில் நின்று பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே, ஆண்களையும் முந்தி முதலாவதாக வந்தார். அப்போது அவர் மகளுக்கு 14 மாதம் என்பதையும் சேர்த்துப் படிக்கவும். மூன்றாம் மாதத்தில் இதைக் காட்டி என்னிடம் வாதாட வேண்டாம்.

பெங்களூரு: கர்ப்பம் என்று சொல்லியும் ஒரு பந்தயத்தில் கட்டணத்தை அடுத்த வருடத்துக்கு மாற்ற மறுத்துவிட்டார்கள். கால் உடைந்தால் மாற்றுவார்களாம்!

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. பிரிட்டனின் சோஃபி பவர் இதே காரணத்தால்தான் 2014ல் யுடிஎம்பி என்ற ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்தில் தன் இடத்தை இழந்தார். மறுபடி இடம் கிடைத்த 2018ல் குழந்தைக்கு 3 மாதம். வழியில் இத்தாலியின் கூர்மயூரில் நின்று பாலூட்டியபடி எடுத்த அவர் படம் உலகம் சுற்றியது. அதை எல்லாரும் வீரக் கதையாகப் பார்க்கிறார்கள், எனக்கு அது விதியின் கோணல். இடத்தை மாற்றித் தந்திருந்தால் அவர் 3 மாதத்தில் மலைக்குப் போகும் கட்டாயமே வந்திருக்காது. யுடிஎம்பி பின்னால் விதியை மாற்றியது. நீங்களும் எழுத்தில் கேளுங்கள், குழுவாகக் கேளுங்கள்.

கரூர்: 5ஆம் மாதம், 10 கி.மீ...

ஈரோடு.

திருநெல்வேலி: பிரசவமாகி மூன்று வாரம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. அத்தை எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்கிறார்.

உருவவே கூடாது. இதைப் படித்தவுடன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் அதற்கு ஆபத்தான காலம்.

கொடைக்கானல்: எந்த ஷூ வாங்கலாம்?

கடையில் கேளுங்கள். கர்ப்பத்தில் பாதம் அரை அளவு பெரிதாகலாம், பழைய அளவை நம்பி ஆன்லைனில் வாங்காதீர்கள்.

வேலூர்: 16 வாரம். புதர்க்காட்டில் நடந்து வந்து பத்து நாளாகிறது, காய்ச்சல் விடவில்லை. வெறும் வைரஸ் என்கிறார்கள்.

காட்டுக்குப் போனதை டாக்டரிடம் சொன்னீர்களா? ஸ்க்ரப் டைபஸ் உங்கள் பக்கம் உண்டு, புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே சிகரெட் சுட்டதுபோல் கறுத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள், அது வலிக்காது. கர்ப்பத்தில் இது குழந்தைக்கும் ஆபத்து, ஆனால் கர்ப்பிணிகளுக்குப் பொருந்தும் மருந்து இருக்கிறது. இன்றே போங்கள்.

ஓசூர்: ஆறு மாதக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு டிரெயில் ஓடலாமா?

கூடாது. நடக்கலாம்.