லைனை நிறுத்தியது தப்பா?

கேள்வி: எனக்கு வயது 27. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கார் கம்பெனிகளுக்குப் பாடி பாகங்கள் செய்துகொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் லைனில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். ஐந்து வருடமாகக் கான்ட்ராக்ட்தான். போன மாதம் ஆறு ரோபோக்களும், வெல்டைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் கேமராவும் வந்து இறங்கின. 'இனி மனுஷத் தப்புக்கே இடமில்லை' என்று மீட்டிங்கில் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு நைட் ஷிஃப்டில், ரோபோ வெல்டு அடிக்கும்போது பொறி ஒரு மாதிரியாகத் தெரிந்ததால் லைனை நிறுத்தினேன். 11 நிமிடம் நின்றுவிட்டது. கேமராவோ ஓகே என்று காட்டியது. 'மெஷினே ஓகே சொல்லுது, உனக்கென்னடா?' என்று எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். அன்றிலிருந்து வேலையில் மனம் ஒட்டவில்லை. அப்பா, செய்யாறுக்கே வந்து ஹார்டுவேர் கடை வை என்கிறார். நண்பர்கள், 60,000 ரூபாய் கட்டி ரோபோ புரோகிராமிங் படி என்கிறார்கள். ரோபோ வந்தால் தரம் தானாகக் கூடிவிடுமா? நான் நிறுத்தியது தப்பா? இந்த வேலையில் எனக்கு எதிர்காலம் உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒரகடம்

பதில்: அன்புத் தம்பி, நீங்கள் லைனை நிறுத்தியது தப்பே இல்லை. மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

நானும் இந்தத் தொழிலில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். பொறி மாறுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வெல்டிங் லைன் பக்கமே போகாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஸ்பாட் வெல்டிங்கில் இரண்டு செம்பு முனைகள் தகடுகளை இருபக்கமும் இறுக்கிப் பிடிக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் பத்தாயிரம் ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். தகடுகள் சேரும் இடத்தில் இரும்பு உருகி, ஒரு சின்னப் பொட்டு போல உறையும். நாம் நக்கெட் என்று சொல்வது அதைத்தான். ஒரு காரின் உடம்பில் இப்படிச் சில ஆயிரம் பொட்டுகள் இருக்கின்றன. வண்டி மோதினால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போதைய தகடுகளுக்குத் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு கொடுக்கிறார்கள். அந்தத் துத்தநாகம் சூட்டில் செம்பு முனையோடு கலந்து பித்தளையாகிவிடும். அடிக்க அடிக்க முனை மழுங்கி, காளான் தலை மாதிரி விரியும். அப்போது மின்சாரம் பரவிப் போகும், சூடு பற்றாது, உள்ளே பொட்டு விழாது. ஆனால் மேலே தழும்பு வட்டமாக, லட்சணமாக இருக்கும். உங்கள் கேமரா பார்ப்பது அந்தத் தழும்பைத்தான். இரண்டு தகடுக்கும் நடுவில் இருப்பதை வெளியிலிருந்து பார்க்கும் எந்தக் கேமராவும் சொல்ல முடியாது. அதற்கு ஒலி அலையை உள்ளே அனுப்பிப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை உண்டு, வெல்டு அடிக்கும்போதே மின்தடையை அளக்கும் கன்ட்ரோலர்கள் உண்டு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் லைனுக்கு வந்தது கேமரா மட்டும்தான் போலிருக்கிறது. அப்படியானால் அன்று ராத்திரி அந்த இடத்தில், உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு உங்கள் கண்ணை விட்டால் வேறு சாட்சி இல்லை.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1990-களின் கடைசி. நான் வேலை பார்த்த ஒரு பாகங்கள் தொழிற்சாலைக்கு முதன்முதலாக வெல்டிங் ரோபோ வந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, பூசணிக்காய் உடைத்துத்தான் ஓடவிட்டோம். மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம், லைனில் ஹெல்பராக இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், சத்தம் செத்துப்போச்சு" என்றார். கேட்டில் டிஸ்பாட்ச் லாரி நின்றுகொண்டிருந்தது. கவுன்ட் இன்னும் பாக்கி. "பார்க்கலாம், போங்க" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை சிசல் டெஸ்ட். தகடுகளின் இடுக்கில் உளியை வைத்துத் தட்டுவோம் அல்லவா? நல்ல வெல்டாக இருந்தால் உளி திணறும். விடாமல் தட்டிப் பிரித்தால் ஒரு தகட்டிலிருந்து பட்டன் மாதிரி இரும்பு பெயர்ந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வரும். அன்றைக்கு ஒரே தட்டு. அப்பளக் கட்டைப் பிரிப்பதுபோல இரண்டும் தனித்தனியாக வந்துவிட்டன. உள்ளே வழவழவென்று இருந்தது, ஒரு பொட்டுகூட இல்லை. போய்ப் பார்த்தால், முனையைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் மடங்கிக் கிடக்கிறது. ஒரு ஷிஃப்ட் முழுக்க ரோபோ கொஞ்சமும் சலிக்காமல் கெட்ட வெல்டை அடித்துத் தள்ளியிருக்கிறது. லாரியைத் திரும்பக் கூப்பிட்டு, ஒவ்வொரு பிராக்கெட்டாகப் பிரித்துப் பார்க்க மூன்று நாள் ஆயிற்று. அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனது பண்ணி, அதற்குப் பிறகும் எதையாவது கவனித்தால் என்னிடம் வந்து சொன்னார். எத்தனையோ பேர் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். நீங்களும் அப்படி ஆகிவிடக்கூடாதே என்ற கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரோபோ வந்தால் தரம் தானாகக் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அமெரிக்காவில் ஒரே கட்டடத்தில் பதில் கிடைக்கிறது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை தரத்திலும் ஒழுங்கிலும் கெட்ட பெயர் எடுத்து, 1982-ல் மூடப்பட்டது. இரண்டு வருடம் கழித்து டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து, நூமி (NUMMI) என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, சங்கமும் அதே சங்கம். அவர்களில் பல பேரை ஜப்பானுக்குக் கூட்டிப்போய் டகவோகா தொழிற்சாலையில் பழக்கினார்கள். திரும்பி வந்தவர்களின் தலைக்கு மேல் ஒரு கயிறு கட்டியிருந்தது. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்ததும் டீம் லீடர் ஓடிவருவார். வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போவதற்குள் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். 'ஏன் இழுத்தாய்' என்று யாரும் கேட்பதில்லை. ஒன்றிரண்டு வருடத்திலேயே அங்கே செய்த கார்கள் தரத்தில் ஜப்பானில் செய்த கார்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன.

அதே காலத்தில் அதே ஜெனரல் மோட்டார்ஸ், டெட்ராய்ட்டில் ஹாம்ட்ராமக் என்ற இடத்தில் 1985-ல் ரோபோக்களை நிறைத்து ஒரு புதுத் தொழிற்சாலை திறந்தது. பெயிண்ட் அடிக்கும் ரோபோக்கள் காரை விட்டுவிட்டு ஒன்றின்மேல் ஒன்று பெயிண்ட் அடித்துக்கொண்டதாக அன்றைக்குப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான். கொட்டிய பணத்தில் கொஞ்சத்தை ஆட்களைப் பழக்குவதற்குச் செலவழித்திருக்கலாம்.

ஃப்ரீமான்ட் கதை அதோடு முடியவில்லை. நூமி 2010-ல் மூடியதும் கட்டடத்தை வாங்கியது டெஸ்லா. மாடல் 3 காருக்கு எல்லாவற்றையும் ரோபோவே செய்யட்டும் என்று இறங்கினார்கள். பேட்டரியின் மேல் வைக்கும் ஒரு கண்ணாடியிழை விரிப்பை எடுத்துவைக்க ஒரு ரோபோ. பஞ்சு மாதிரி மெத்தென்ற பொருள் அதன் பிடியில் சிக்கவே இல்லை, லைனே அதற்காகக் காத்துக் கிடந்தது. கடைசியில் இந்த விரிப்பு எதற்கு என்று விசாரித்தால், ஒரு குழு சத்தத்தைக் குறைக்க என்றது, இன்னொரு குழு தீப்பிடிக்காமல் இருக்க என்றது. சோதித்துப் பார்த்ததில் சத்தத்திலும் வித்தியாசம் இல்லை. விரிப்பையே எடுத்துவிட்டார்கள். 2018 ஏப்ரலில் எலான் மஸ்க், டெஸ்லாவில் அளவுக்கு மீறி ரோபோக்களை நம்பியது தவறு, அது என் தவறு, மனிதர்களின் மதிப்பை நாம் குறைத்து எடைபோடுகிறோம் என்று வெளிப்படையாகவே எழுதினார். அந்தக் கூரைக்குக் கீழேதான் முப்பது வருடத்துக்கு முன்பு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது!

அந்தக் கயிற்றுக்கும் ஒரு மூலம் உண்டு. டொயோட்டா குடும்பம் முதலில் தறி செய்த குடும்பம். சகிச்சி டொயோடா 1924-ல் செய்து முடித்த தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். ஓடுவதைவிட, தப்பு நடந்தால் நிற்பதைத்தான் அவர் பெரிய விஷயமாக நினைத்தார். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஜிடோகா. 'தானியங்கி' என்பதற்கான ஜப்பானிய எழுத்தோடு மனிதனைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள். நம் ஊர்த் தறிக்காரரிடம் இதைச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார். அறுந்த இழையோடு நெய்துகொண்டே போனால் புடவை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

இதைப் படித்துவிட்டு ரோபோவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். உலகின் முதல் தொழிற்சாலை ரோபோ 1961-ல் நியூ ஜெர்சியில் ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அது செய்தது அச்சிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் வார்ப்புகளை எடுத்துவைக்கும் வேலை. அதை ஒரு மனிதன் செய்யவேண்டும் என்று யார் சொல்வார்கள்? கனமான வெல்டிங் கன்னை நாள் முழுக்க இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனவர்களை எனக்குத் தெரியும். பாடி ஷாப்பும் பெயிண்ட் ஷாப்பும் ரோபோவுக்கே போகட்டும். உங்கள் லைனில் வெல்டு அடிக்கும் ஆட்களின் எண்ணிக்கை குறையும், அதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அசெம்பிளியில் வளைந்து நெளியும் வயரிங் ஹார்னஸை உள்ளே இழுத்துவிடுவது, கனெக்டர் 'டக்' என்று உட்கார்ந்ததா என்று விரலால் உணர்வது, கதவு ரப்பரைச் சுருக்கமில்லாமல் பொருத்துவது எல்லாம் இன்னும் பெரும்பாலும் மனிதக் கையில்தான் இருக்கின்றன.

செக்கிங் வேலை என்ன ஆகும்? 'தழும்பு இருக்கிறதா, இல்லையா' என்று பார்ப்பது மட்டுமே உங்கள் வேலையாக இருந்தால் கேமரா அதை எடுத்துக்கொள்ளும். ஏன் கெட்டது என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் கேமராவை நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்ய உங்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். டொயோட்டாவில் மிட்சுரு கவாய் என்று ஒருவர். கம்பெனியின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, உலைப் பட்டறையில் தொழிலாளியாகத் தொடங்கி, 2017-ல் நிர்வாகத் துணைத் தலைவர் பதவி வரை போனவர். தானியங்கி லைன்கள் ஓடும் இடத்திலேயே, ஆட்கள் இரும்பைக் காய்ச்சிக் கையால் அடித்துக் கற்றுக்கொள்ள அவர் ஏற்பாடு செய்தார். கைக்குத் தெரியாத வேலையை மெஷினுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எப்படித் திருத்துவது என்பது அவர் கேள்வி.

ஆகவே 60,000 ரூபாயை இப்போதைக்குக் கட்டாதீர்கள். ரோபோவை நகர்த்தும் டீச் பெண்டன்டை எத்தனை மணி நேரம் உங்கள் கையில் கொடுப்பார்கள் என்று அந்தப் பயிற்சி நிலையத்தில் கேளுங்கள். புத்தகமும் வீடியோவும்தான் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறார்கள், அதில் ஒன்று உங்கள் ஒரகடத்திலேயே இருக்கிறது. ஒரு லீவு நாளில் போய், வேலையில் இருப்பவர்கள் சேரக்கூடிய குறுகிய காலப் பயிற்சி இருக்கிறதா என்று நேரில் விசாரியுங்கள்.

அதோடு இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த கன், முனையைக் கடைசியாக டிப் டிரஸ்ஸரில் சீவி எத்தனை வெல்டு ஆயிற்று, பொறி எப்படி இருந்தது, கேமரா என்ன சொன்னது, உளி என்ன சொன்னது. இரண்டு மாதம் எழுதினால் 'எனக்கு ஒரு மாதிரியா தெரிஞ்சுது சார்' என்று சொல்லும் நிலை மாறி, எண்ணோடு பேசுவீர்கள். எண்ணோடு பேசுகிறவனைத் திட்டுவது கஷ்டம். நிர்வாகம் கேட்காது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலில் வாங்கியது நம் சென்னையில், பாடி என்ற இடத்தில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-ல். அந்தப் பரிசுக்குப் பெயர் கொடுத்த அமெரிக்கத் தர நிபுணர் டெமிங் முதலாளிகளுக்குச் சொன்ன 14 விஷயங்களில் ஒன்று, வேலை செய்யும் இடத்திலிருந்து பயத்தை விரட்டுங்கள் என்பது. உங்களைத் திட்டியவர் இதைப் படிக்க நேர்ந்தால், அவரிடமும் நான் கேட்டுக்கொள்வது அதைத்தான்.

உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோதுதான் 'ஐந்து வருடமாகக் கான்ட்ராக்ட்' என்ற வரி உறைத்தது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ரோபோவைவிட அதுதானோ என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 1981-ல் வந்த ஒரு சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவர்களுக்கு இது சுலபமாகக் கிடைத்துவிடுவதில்லை, கோர்ட் வரை இழுபடும் விஷயம். அதனால் சம்பளச் சீட்டு, பிஎஃப் கணக்கு விவரம், இஎஸ்ஐ அட்டை, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலையோ சங்கத்தையோ ஒரு தடவை பாருங்கள். சண்டைக்காக இல்லை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள.

அப்பாவிடம் ஒரு வருடம் அவகாசம் கேளுங்கள். பிள்ளை அடுத்தவன் முன்னால் திட்டு வாங்குகிறான் என்ற வேதனையில் அவர் பேசுகிறார். கடை எங்கேயும் ஓடிவிடாது.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். அந்த 11 நிமிடத்துக்கு முன்னால் அடித்த பாகங்களில் ஒன்றையாவது யாராவது உளி வைத்துப் பார்த்தார்களா? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவே இல்லை. பார்க்கவில்லை என்றால் அந்த லாட் எங்கே போயிருக்கிறது என்று நாளைக்கே கேளுங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.