சீனாவில் அக்குபங்சர் படிப்பு: கல்லூரிக்கு முன் நாட்டை முடிவு செய்யுங்கள்

பிளஸ் டூ முடித்த மகள் சீனா சென்று அக்குபங்சர் படிக்க விரும்புகிறாள். திரும்பி வந்தால் டாக்டர் என்று போர்டு வைக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. முடியாது. அந்தப் பட்டம் இங்கே எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இணையாகாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வையும் அதை வைத்து எழுத முடியாது. அதற்காகப் படிப்பே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். மகள் எந்த நாட்டில் தொழில் செய்யப்போகிறாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கல்லூரியை அப்புறம் தேடலாம்.

ஏனென்றால் உரிமம் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலையிலிருந்து தேசியப் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் அக்குபங்சர் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. அமெரிக்காவில் மாநிலம்தான் உரிமம் தருகிறது, கலிபோர்னியா தனித் தேர்வு வைக்கிறது. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்கும் மூட்டுத் தேய்மான முழங்கால் வலிக்கும் 2007 முதல் பொதுக் காப்பீடு பணம் தருகிறது, ஆனால் ஊசி போடுபவர் மருத்துவராக இருக்க வேண்டும். அதே நாட்டு ஆய்வில், இடுப்புவலிக்குப் போலியாகக் குத்திய ஊசியும் கிட்டத்தட்ட அதே அளவு பலன் தந்தது. இதை மகள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். எல்லா நோயும் தீரும் என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தில் சேர்க்காதீர்கள்.

இந்தியாவில் டாக்டர் பிஜய் குமார் பாசு சீனாவில் கற்று வந்து 1959இல் கொல்கத்தாவில் தொடங்கிய சிகிச்சை இது. மத்திய அரசு 2019 பிப்ரவரியில் இதைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது. மேற்கு வங்கத்திலும் மகாராஷ்டிராவிலும் இதற்கென்றே சட்டம் உண்டு. தமிழ்நாட்டிலேயே இருக்கப்போகிறாள் என்றால், நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்ட பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பு எனக்குப் பாதுகாப்பான வழியாகப் படுகிறது. அதன் பாடத்திட்டத்திலும் அக்குபங்சர் உண்டு.

சீனாதான் என்றால் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நகரங்களில் 1956இல் தொடங்கிய கல்லூரிகள் இன்று பல்கலைக்கழகங்களாக இருக்கின்றன. அக்குபங்சரும் துய்னா என்ற சீன மசாஜும் சேர்ந்த இளநிலைப் படிப்பு 5 ஆண்டு. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவர் அல்லாதவருக்கு 2,500 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. சனி, ஞாயிறு 6 மணி நேரம் வீதம் ஆறு மாதம் நடக்கும் டிப்ளமோவில் 312 மணி நேரம்தான் தேறும்.

அந்த மணி நேரத்தில் கணிசமான பகுதி கைப்பழக்கத்துக்குப் போகிறது. உடம்பில் ஊசி குத்தும் புள்ளிகள் 361. முழங்காலுக்குக் கீழே உள்ள ஜூசான்லி என்ற புள்ளியைக் கண்டுபிடிக்க, முட்டிச்சில்லுக்கு அடியில் வெளிப்புறக் குழியிலிருந்து நான்கு விரல் அகலம் இறங்கி, முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ள வேண்டும். அந்த விரல் நோயாளியின் விரல். புதிதாகப் படிப்பவர்கள் தங்கள் விரலால் அளந்து புள்ளியைத் தவறவிடுவார்கள். தோள்மேல் உள்ள ஜியான்ஜிங்கில் கால் மில்லிமீட்டர் கனமுள்ள ஊசிகூட நேராக ஆழ இறங்கினால் நுரையீரலில் குத்தி, மார்புக்கூட்டில் காற்று புகுந்துவிடும். பசியோடு வந்தவர் ஊசி போட்டதும் மயங்கலாம். உடனே ஊசிகளை எடுத்துவிட்டு, காலை உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும்.

மோக்ஸா எளிது என்று நினைப்பார்கள். நம் மாசிபத்திரிக்கு உறவான செடியின் காய்ந்த இலையை இடித்துப் பஞ்சாக்கிச் சுருட்டிய குச்சி அது. அதைக் கொளுத்தி, தோலுக்கு 2, 3 செ.மீ. தள்ளிப் பிடித்து, தோல் சிவக்கும் வரை 10, 15 நிமிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது, சொல்லமாட்டார், கொப்புளம் வந்துவிடும். அதனால் மோக்ஸா பிடிப்பவர் மறுகையின் இரு விரலைப் புள்ளியின் இருபுறமும் வைத்துச் சூட்டைத் தானே உணர்ந்துகொண்டிருக்க வேண்டும். சாம்பலை அவ்வப்போது தட்டாவிட்டால் உடம்பில் விழுந்து சுடும்.

ஆங்கில வழி வகுப்பு என்று ஏஜென்ட் சொன்னாலும், மருத்துவமனையில் நோயாளி பேசுவது சீனம். மொழி வராதவர் பயிற்சிக் காலம் முழுக்க ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்ப்பார். இப்போதே சீன மொழி வகுப்பில் சேர்த்து, எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வின் 4ஆம் நிலையைக் குறியாக வையுங்கள். எத்தனை வாரம் மருத்துவமனைப் பயிற்சி, அதில் மாணவியே ஊசி போடலாமா என்பதைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வந்த பிறகு ஏஜென்டுக்குப் பணம் கட்டுங்கள்.