துடைத்தால் போகாத மினுமினுப்பு: சாட்டின் கிட்டார் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு வருடமாக வாசிக்கும் சாட்டின் (மங்கல் பூச்சு) கறுப்பு கிட்டார். முன்கை படும் இடத்தில் மட்டும் எண்ணெய் தடவினாற்போல் மினுங்குகிறது. எவ்வளவு அழுத்தித் துடைத்தும் போகவில்லை. எதைப் போட்டுத் துடைப்பது?

பதில்: அழுத்தித் துடைக்கத் துடைக்க இன்னும் மினுங்கும். அது அழுக்கில்லை, தேய்மானம். சாட்டின் லாக்கரில் மிக நுண்ணிய சிலிக்கா தூள் கலந்திருக்கும். லாக்கர் காயும்போது மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக நிற்கும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால்தான் அந்த மங்கல். சட்டைக் கையும் தோலும் உரசி உரசி மேடுகள் மழுங்கிவிட்டன, அவ்வளவுதான். வெளிர் மரநிறத்தில் இது கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், கறுப்பில் எட்ட நின்றாலே தெரியும்.

சந்தேகமாக இருந்தால் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். உலர்ந்தபின் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கல் திரும்பியிருந்தால் படிந்திருந்தது வியர்வையும் பிசுக்கும். திரும்பவில்லையா, அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தேய்ந்து மினுங்கும் இடத்தை மறுபடி மங்கலாக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் லாக்கரில் கொஞ்சம் போகும்.

தந்திகளைக் கழற்றுங்கள். பிக்அப் (தந்தியின் அதிர்வை எடுக்கும் காந்தப் பகுதி), பிரிட்ஜ், சுவிட்ச், ஜாக் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்கள். பரப்பை ஈரத்துணியால் சுத்தம் செய்து உலரவிடுங்கள். சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்புப் பேடு எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வேண்டாம், அது முரடு. மர இழை ஓடும் திசையில், கையின் எடை மட்டும் விழும்படி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளமாக இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் சுழிக் கீறல்கள் விழும், அதை எடுக்க இன்னொரு சுற்று தேய்க்க வேண்டிவரும். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை தூசியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மினுங்கும் திட்டை மட்டும் தேய்த்தால் அதன் ஓரம் கோடு போட்டதுபோல் தெரியும். அதனால் முன்பக்கம் முழுவதையும் ஒரே கையாகச் செய்வதுதான் சரி. கறுப்பாக இருந்தால் கடைசியில் 0000 ஸ்டீல் வூலால் (மிக மெல்லிய இரும்பு நார்) லேசாக ஒரு சுற்று.

விளிம்புகளில் லாக்கர் மிக மெல்லிசு; அங்கே கை வைக்காதீர்கள். தூசி வெள்ளையாக வந்தால் மேல்பூச்சில்தான் இருக்கிறீர்கள். நிறம் கலந்து வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் இந்த வேலையைத் தாங்கும் கிட்டார் குறைவு. வாசிக்க வாசிக்கச் சில மாதங்களில் மினுமினுப்பு திரும்பும் என்பதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

கேள்வி: கிட்டாரில் தேய்மானம் வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: எந்தப் பூச்சு, எந்த நிறம், எந்த இடம் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். பூச்சு நைட்ரோவா (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பாலியூரித்தேனா (சுருக்கமாகப் பாலி) என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத இடத்தில், உதாரணத்துக்கு நெக் பொருந்தும் குழிக்குள், அசிட்டோன் தொட்ட பஞ்சை லேசாக ஒற்றுங்கள். இளகி ஒட்டினால் நைட்ரோ. அசையாமல் இருந்தால் பாலி. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: பளபளப்பைச் சமப்படுத்தலாம் என்று காருக்குப் போடும் பாலிஷைத் தேய்த்தேன். இப்போது திட்டுத் திட்டாக, முன்பைவிட மோசமாக இருக்கிறது. கிட்டார் பாலிஷ் வாங்கிப் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. சாட்டினுக்குப் பாலிஷ் கூடாது என்று எத்தனை தடவை எழுதினாலும், போட்டு முடித்த பிறகுதான் கேள்வி வருகிறது. பாலிஷின் வேலையே மேடுகளை அரைத்துப் பரப்பைச் சமமாக்குவது. உங்கள் முன்கை இரண்டு வருடத்தில் செய்வதை அது இரண்டு நிமிடத்தில் செய்துவிடும். அரைக்கும் தூள் இல்லாத மெழுகு நல்லதுதானே என்று அடுத்த கேள்வி வரும். மெழுகு மேட்டை அரைக்காது, பள்ளத்தை நிரப்பும். எப்படிச் சமமானாலும் பரப்பு மினுங்கத்தான் செய்யும். சிலிக்கான் கலந்தது என்றால் அது இன்னொரு தலைவலி. பிற்காலத்தில் புதிதாக லாக்கர் அடிக்கும்போது, சிலிக்கான் ஒட்டியிருக்கும் இடமெல்லாம் லாக்கர் விலகி மீன் கண்போல வட்டக் குழிகள் விழும். கிட்டார் பாலிஷ் என்று பெயர் இருந்தாலும் கிளாஸ் (gloss, பளபளப்புப்) பூச்சுக்கென்று செய்ததுதான் அதிகம். புட்டியில் சாட்டினுக்கு ஆகும் என்று அச்சிட்டிருந்தால் தவிர, தொடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. மெல்லிய பருத்தித் துணியில் கொஞ்சம் நாப்தா (பெட்ரோலியக் கரைப்பான்) நனைத்து, முதலில் மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, பிறகு முழுவதும் துடையுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணி என்றால் இங்கே எடுத்த மெழுகை அங்கே பூசுவீர்கள். ஆஷ், மஹோகனி போன்ற துளை திறந்த மரங்களில் பாலிஷ் காய்ந்து வெள்ளைக் கோடுகளாக உட்கார்ந்திருக்கும். மென்மையான பல்துலக்கியை நாப்தாவில் தொட்டு இழையோடு இழையாகத் தேய்த்து எடுங்கள். அதற்குப் பிறகும் மினுங்கினால் அங்கே மேடுகள் அரைபட்டுவிட்டன. மேலே சொன்ன சாம்பல் பேடுதான் வழி.

தினசரிக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி, பிசுக்கு இருந்தால் சொட்டு ஈரம். வேறெதுவும் வேண்டாம்.

கேள்வி: ஸ்டிக்கர் பசையை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் போடலாமா?

பதில்: கூடாது. நைட்ரோ கரைந்தே போகும். நாப்தா போதும்.

கேள்வி: நெக்கின் பின்புறம் மினுங்குவதோடு கையில் ஒட்டுகிறது. முன்பு வழுக்கிக்கொண்டு போகும்.

பதில்: மினுங்குவதால் கெடுதல் இல்லை, ஒட்டுவது வியர்வைப் பிசுக்கு. முதலில் ஈரத்துணி, பிறகு நாப்தா. பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். இன்னும் ஒட்டினால் 0000 ஸ்டீல் வூலால் நெக்கின் நீளவாக்கில் பத்துப் பதினைந்து இழுப்பு. மறுபடியும் சொல்கிறேன், முதலில் பிக்அப்பை மூடுங்கள். ஸ்டீல் வூலிலிருந்து உதிரும் இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் பொறுக்கி எடுத்து மாளாது. பாடியை ஒரு துணியால் சுற்றி, வேலையைப் பிக்அப்புக்கு எட்டச் செய்யுங்கள்.

கேள்வி: எப்படியும் மினுங்கப் போகிறது, முழுவதையும் தேய்த்துக் கிளாஸ் ஆக்கிவிட்டால்?

பதில்: கண்ணாடிபோல் வராது. தூள் மேலே மட்டும் இல்லை, சாட்டின் பூச்சின் கனம் முழுக்க இருக்கிறது; கறுப்பில் புகை படிந்ததுபோல் நிற்கும். துளைகள் நிரப்பப்படாத மரம் என்றால் குழிகளும் அப்படியே தெரியும். பூச்சும் மெல்லிசு, பல கிட்டார்களில் 0.1 மில்லிமீட்டர் பக்கம்தான். கிளாஸ் வேண்டுமென்றால் பரப்பைச் சொரசொரப்பாக்கி மேலே கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடிக்க வேண்டும். அது வேறு வேலை.

கேள்வி: ஸ்ப்ரே கேனில் சாட்டின் எட்டு கோட் அடித்தேன். பால் ஊற்றியதுபோல் வெளிறிவிட்டது.

பதில்: எட்டும் சாட்டினாக அடித்தால் வெளிறத்தான் செய்யும். அடியில் கிளாஸ் கிளியர், கடைசி ஒன்று இரண்டு கோட் மட்டும் சாட்டின். தூள் கேனின் அடியில் தங்கும். அடிக்குமுன் இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள்.

கேள்வி: மேப்பிள் ஃபிரெட்போர்டில் சாம்பல் நிறத் திட்டுகள். லெமன் ஆயில் தடவலாமா?

பதில்: வேண்டாம். அங்கே பூச்சு முழுவதும் போய் மரத்துக்குள் அழுக்கு இறங்கிவிட்டது. எண்ணெய் அதைக் கருமையாக்கும். வாசிப்புக்கு இடைஞ்சல் இல்லை. ஃபிரெட் மாற்றும்போது சேர்த்துப் பூச்சு அடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடத்தில் தழும்பு விழுந்திருக்கிறது. துடைத்தால் போகுமா?

பதில்: நைட்ரோ என்றால் போகாது. ரப்பரிலிருந்து கசிவது லாக்கரை இளக்கி உள்ளே இறங்கியிருக்கும். இனியாவது ஸ்டாண்டின் கையில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி வையுங்கள்.