காப்பிக் கொட்டை அரைக்க எந்த மின் கிரைண்டர்? கொங்கு வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக் காப்பிக்குக் குறைந்த செலவில் மின் கிரைண்டர் வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு, கோவையில் கொட்டையைத் தாமே வறுத்து அரைத்துக் குடிக்கும் ஒருவர் பதிலளிக்கிறார்.

கோபிசெட்டிபாளையம்: 4,000 ரூபாய்க்குள் நல்ல மின் கிரைண்டர் எது?

எந்தக் காப்பிக்கு என்பதைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். சிக்கரி கலந்த தூளைப் பில்டரில் இறக்கிப் பால் சேர்த்துக் குடிப்பவர் என்றால், அதற்கும் குறைந்த விலையில் கிடைக்கும் பிளேடு கிரைண்டரே போதும். அரைப்பில் உள்ள குறையைப் பாலும் சிக்கரியும் பெரும்பாலும் மூடிவிடும். பாலில்லாமல், கொட்டையின் சுவைக்காகவே குடிப்பவர் என்றால், அந்தப் பணத்துக்கு மின் கிரைண்டரைத் தேடி அலையாமல், எஃகுப் பர் (கொட்டையை அரைக்கும், பல் வெட்டிய உறுப்பு) பொருத்திய கைக் கிரைண்டர் ஒன்றை வாங்குங்கள். மோட்டாருக்குப் போக வேண்டிய பணமும் அதில் பல்லுக்கே போகிறது. எதை வாங்கினாலும் அதில் சிக்கரியையோ மிளகையோ போடாதீர்கள்.

பொள்ளாச்சி: பிளேடு, பர் என்கிறார்களே, வேறுபாடு என்ன?

பிளேடு கிரைண்டரில் கத்தி சுழன்று கொட்டையை அடித்து உடைக்கிறது. கூடுதல் நேரம் ஓட்டினால் பொடி கூடுமே தவிர, துகள்கள் ஒரே அளவுக்கு வருவதில்லை. பர் கிரைண்டரில் பல் வெட்டிய இரண்டு உறுப்புகள் இருக்கும். ஒன்று அசையாமல் நிற்க மற்றொன்று சுற்றும்போது, அவற்றின் இடைவெளிக்கு ஏற்ற அளவில் உடைந்த துகள்தான் வெளியே வரும். அரைப்பு சீராக இல்லாவிட்டால் மாவாகிப் போன பகுதி தன் சாரத்தை முழுவதும் விட்டுக் கசப்பைச் சேர்க்கும். குருணையாக நின்ற பகுதியோ பாதிச் சாரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு புளிப்பைத் தரும். மாவு அதிகமானால் பில்டரின் துளைகள் அடைபட்டு டிகாக்ஷனும் இறங்காது.

கோவை, கணபதி: மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். என் வீட்டு மிக்சி 750 வாட். நீங்கள் சொல்லும் பர் கிரைண்டர்களில் பல 150 வாட்டைக்கூடத் தொடுவதில்லை. குறைந்த சக்திக்கு எதற்கு அதிகப் பணம்?

வாட் கணக்கை நீங்கள் எனக்குச் சொல்லித் தரலாம். ஆனால் இங்கே அது உதவாது. மிக்சி மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்று ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்த பர் கிரைண்டர் சில நூறு சுற்றுகளில் ஓடும். வேகத்தைக் குறைத்ததில் முறுக்கு விசை கூடுவதால் சிறிய மோட்டாரே கொட்டையை உடைத்துவிடுகிறது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் நம்முடையது. மெதுவாகச் சுற்றும் கல்லில் அரைத்த மாவுதான் இட்லிக்கு உகந்தது என்பதை உங்களிடம் நான் வாதிட வேண்டியதில்லை.

மீண்டும் கணபதி: மிக்சியில் மாவு சூடாவதுதான் அங்கே குறை. காப்பியை விட்டுவிட்டு ஓட்டினால் சூடே ஏறாதே!

சரியான பிடி. ‘சூட்டில் மணம் போய்விடும்’ என்று விற்பனையாளர்கள் மிகைப்படுத்துகிறார்கள். 20 கிராம் கொட்டையைச் சில நொடி அரைப்பதில் ஏறும் சூடு பெரிய கேடு செய்துவிடாது. என் குறை சூட்டைப் பற்றியதன்று, துகள் அளவைப் பற்றியது. விட்டுவிட்டு ஓட்டினாலும் கத்திக்கு அளவு தெரியாது.

ஈரோடு: நான் கணபதிக்காரர் பக்கம். சட்னி ஜாரில் விட்டுவிட்டு அரைத்து, குலுக்கி, சல்லடையில் சலித்தால் பர் கிரைண்டருக்கு நிகராகாதா?

ஓரளவு நெருங்கும். குருணையைப் பிரித்து மறுபடி அரைக்கலாம். ஆனால் மறு அரைப்பில் மாவும் கூடும், அதையும் மெல்லிய சல்லடையில் நீக்கினால் காசு கொடுத்து வாங்கிய கொட்டையில் ஒரு பகுதி வீணாகும். தினமும் காலையில் இதைச் செய்யப் பொறுமை இருப்பவர் தாராளமாகச் செய்யட்டும். அந்த ஜாரில் முந்தின நாள் பூண்டு அரைத்திருக்கக் கூடாது.

மீண்டும் கணபதி: அப்படியானால் பால் காப்பிக்கு மிக்சியே போதும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

முதல் பதிலிலேயே ஏறத்தாழ அதைத்தான் சொன்னேன். காப்பிக்கென்று தனி ஜார் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

நாமக்கல்: கொல்லிமலை உறவினர் தோட்டத்துக் கொட்டை தந்தார். காய்ந்துதான் இருக்கிறது. நேரே அரைக்கலாமா?

வேண்டாம், தம்பி. அது வறுக்காத பச்சைக் கொட்டை. கல் போல உறுதியானது, வீட்டுக் கிரைண்டரின் மோட்டார் திணறி நின்றுவிடும். கனத்த வாணலியில் இடைவிடாமல் கிளறி, படபடவென வெடிக்கும் ஓசை கேட்டு அடங்கும் வரையாவது வறுத்து, ஆறவிட்டு, ஓரிரு நாள் கழித்து அரையுங்கள். வறுத்தவுடன் கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். எண்ணெய் கசியும் அளவுக்குக் கருக்கிவிட்டாலும் தொல்லைதான். அந்தப் பிசுக்கு பற்களில் ஒட்டித் தூளைப் பிடித்துக்கொள்ளும்.

திருப்பூர்: எந்த பிராண்டு நல்லது என்று மட்டும் சொல்லுங்கள்.

அம்மணி, முதல் பதிலைப் படியுங்கள். பர் கிரைண்டர் வாங்கும் நிலையில் இருந்தால், பர்ரைக் கழற்றித் துடைக்க முடியுமா, தேய்ந்தால் மாற்றுப் பர் கிடைக்குமா என்ற இரண்டையும் கடையில் கேளுங்கள்.

சூலூர்: மகன் அமெரிக்காவிலிருந்து பராட்சா என்கோர் வாங்கி வருவதாகச் சொல்கிறான். வரட்டுமா?

கிரைண்டர் நல்லது: 40 மில்லிமீட்டர் கூம்புப் பர், 40 அளவு நிலைகள். ஆனால் அங்கே வாங்குவது 120 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட் சுவரில் நேரே செருகினால் அன்றே புகைந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்கி வைப்பதைவிட, நம் நாட்டு மின்னழுத்தத்துக்கான மாதிரியை இங்கேயே வாங்குவது மேல்.

பெருந்துறை: தூள் மூடியெங்கும் ஒட்டிக்கொள்கிறதே?

நிலைமின்சாரம். அரைக்கும் முன் கொட்டையின் மேல் ஓரிரு துளி நீர் தெளித்துக் கிளறுங்கள். ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்விலும் நீர் சேர்ப்பது இதைக் குறைப்பதாகக் கண்டார்கள்.

அவிநாசி: எஸ்பிரசோவுக்கும் மலிவான கிரைண்டரே போதுமா?

போதாது. அவ்வளவு நுண்மையும், சிறு சிறு அளவாக மாற்றும் வசதியும் அதில் இராது.

தாராபுரம்: நல்ல பிராண்டு எது?

திருப்பூருக்குச் சொன்னதேதான்.

பவானி: பச்சரிசி போட்டு ஓட்டினால் கிரைண்டர் சுத்தமாகும் என்கிறார்களே?

பச்சரிசி கடினம், சிறு மோட்டாருக்கு அது தண்டனை. கழற்றி, காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். எஃகுப் பர்ரில் தண்ணீர் படக் கூடாது. மிளகு, சீரகம் அரைத்தும் பார்க்காதீர்கள். அந்த வாசனை எளிதில் போகாது.

கரூர்: சிக்கரியையும் கொட்டையோடு சேர்த்து அரைத்துவிடலாமா?

கூடாது என்று முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன். சிக்கரி காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் பற்களுக்கிடையே இறுகிவிடும். அதைப் பொடியாகவே தனியாக வாங்கி, அரைத்த தூளுடன் கரண்டியால் கலந்துகொள்ளுங்கள். பாக்கெட் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். வீட்டில் கலந்தால் எவ்வளவு சிக்கரி என்பது உங்கள் கையில் இருக்கும்.