சயாம் மரண ரயில்: ‘ஜப்பான் பணம் வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் எதையும் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் தாத்தாவை 1943-இல் மலாயாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவேயில்லை. வாரிசுகளுக்கு ஜப்பான் அரசு பணம் கொடுக்கிறது என்று ஒருவர் வீடு வீடாக வருகிறார். பதிவுக் கட்டணம் 350 ரிங்கிட், ஐசி (அடையாள அட்டை) நகல், பவர் பத்திரம் கேட்கிறார். போரே வேண்டாம் என்று சட்டம் எழுதி, மன்னிப்பும் கேட்ட நாடு கொடுக்காமலா போகும் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் போட்ட அந்த ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகளுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் எதுவும் ஜப்பான் அரசிடம் இல்லை. அதனால் படிவம், பதிவு, கட்டணம் எதுவும் கிடையாது. சந்தேகம் இருந்தால் கோலாலம்பூரில் உள்ள ஜப்பான் தூதரகத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். இடையில் ஆள் தேவையில்லை.

அவர் சொல்லும் காரணம்தான் பலரை விழவைக்கிறது. 1947 மே 3-இல் நடப்புக்கு வந்த ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவு போரைக் கைவிடுகிறது. அது உண்மை. ஆனால் அந்தச் சமாதான உணர்வு பெரிதும் ஹிரோஷிமா, நாகசாகி, தோக்கியோ குண்டுவீச்சு என்று தாங்கள் பட்ட பாட்டிலிருந்து முளைத்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 நண்பகலில் அரசு நடத்தும் மௌன அஞ்சலி, போரில் மாண்ட சுமார் 31 லட்சம் ஜப்பானியருக்கு. உங்கள் தாத்தா அந்தக் கணக்கில் இல்லை.

சொந்த மக்களிடமே அந்த அரசு கறாராக இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினருக்கு 1953-இல் ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். விமானக் குண்டுவீச்சில் கை கால் இழந்த பொதுமக்கள் வழக்குப் போட்டபோது, போர் நட்டத்தை எல்லாரும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் அனுப்பிவிட்டது. 1995 ஆகஸ்ட் 15-இல் பிரதமர் முராயாமா காலனி ஆட்சிக்கும் ஆக்கிரமிப்புக்கும் மனமார மன்னிப்புக் கேட்டார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் இழப்பீட்டு விவகாரம் ஒப்பந்தங்களோடு முடிந்தது என்ற நிலையிலிருந்து அவருடைய அரசும் நகரவில்லை.

அந்த ஒப்பந்தங்கள் எவை? ஜப்பான் மீதான போர் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கைவிடும் 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. அப்போது மலாயா அதன் கையில் இருந்தது. பிறகு 1967 செப்டம்பர் 21-இல் மலேசியாவும் ஜப்பானும் தனி ஒப்பந்தம் போட்டன. ஜப்பான் தந்தது 25 மில்லியன் வெள்ளி (மலேசிய டாலர்) மதிப்புள்ள பொருளும் சேவையும். அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. போர்க்கால விவகாரம் முழுமையாகத் தீர்ந்தது என்று மலேசியாவும் ஒப்புக்கொண்டது. மரண ரயிலில் செத்தவர்களின் குடும்பங்களை யாரும் கலந்து பேசவில்லை. கப்பலில் அவர்களுக்கு என்ன பங்கு என்பது இன்றும் கேள்விதான். 2007-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம், இத்தகைய கோரிக்கைகளை தனிநபர் நீதிமன்றம் மூலம் பெற முடியாது என்று கதவைச் சாத்தியது.

ஏஜெண்டுகள் காட்டும் செய்தித்தாள் துண்டுகளில் ஒன்று, போர்க்காலத்தில் கட்டாய வேலை செய்த கொரியர்களுக்கான இழப்பீடு பற்றியது. அங்கே வழக்கு ஜப்பானிய கம்பெனிகள் மீது, தீர்ப்பு கொரிய நீதிமன்றத்தில். சயாம் பாதையைப் போட்டது ராணுவத்தின் 5-ஆம், 9-ஆம் ரயில்வே ரெஜிமெண்டுகள். கலைக்கப்பட்ட ராணுவத்தின் மேல் யார் வழக்குப் போடுவது?

இன்னொன்று ‘மரண ரயில் கைதிக்கு 10,000 பவுன்’ என்ற செய்தி. இதை விளக்கியே ஆகவேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது இதுதான். அந்தப் பணம் உண்மை. ஆனால் கொடுத்தது ஜப்பான் இல்லை, பிரிட்டிஷ் அரசு. அறிவித்தது 2000 நவம்பர் 7-இல். ஜப்பானிடம் பிடிபட்ட போர்க்கைதிக்கும், முகாமில் அடைக்கப்பட்ட பிரிட்டிஷ் குடிமக்களுக்கும்தான். அவர் உயிரோடு இருக்கவேண்டும், அல்லது அவருடைய மனைவியோ கணவரோ இருக்கவேண்டும். பேரப்பிள்ளைகளுக்குக் கிடையாது. கூர்க்கா சிப்பாய்களை விட்டுவிட்டார்கள். 2002-இல் லண்டன் நீதிமன்றம் குட்டிய பிறகே சேர்த்தார்கள். முகாமில் இருந்த பொதுமக்களிடமோ தாங்களோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்கவேண்டும் என்றார்கள். அது இனப்பாகுபாடு என்று 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இத்தனை இழுபறிக்குப் பிறகும் தோட்டத்திலிருந்து கூலிக்கு ஏற்றிப்போன தமிழர், கைதி என்ற கணக்கிலும் வரவில்லை, முகாம்வாசி என்ற கணக்கிலும் வரவில்லை.

பரணில் கிடக்கும் வாழைமர நோட்டை (ஜப்பான் ஆட்சியில் மலாயாவில் அச்சடித்த பணம்) மாற்றித் தருகிறேன் என்பவரையும் வாசலோடு அனுப்புங்கள். ஜப்பான் தோற்ற அன்றே அது செல்லாக் காசு. பழம்பொருள் சேகரிப்பவர் தரும் விலைதான் அதன் விலை.

350 ரிங்கிட் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஐசி நகலும் கையெழுத்திட்ட பவர் பத்திரமும் போனால், உங்கள் பெயரில் கடன் வாங்கவும் வங்கிக் கணக்கு திறக்கவும் வழியாகிவிடும். ஏற்கனவே வங்கி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் உடனே 997-க்கு (மலேசியாவின் மோசடிப் புகார் எண்) அழைத்துவிட்டு, போலீஸில் புகார் எழுதிக் கொடுங்கள். பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் வழக்கறிஞரிடம் போய் எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள்.

தாத்தாவின் பெயர் ஏதாவது பட்டியலில் இருக்குமா என்றும் கேட்பீர்கள். 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த சுமார் 60,000 போர்க்கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி போன்ற போர்க் கல்லறைகளில் அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த பலகை உண்டு. ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சத்துக்கு மேல். இறந்தவர் சுமார் 90,000 என்பது மதிப்பீடு. அவர்களுக்கு அப்படிப்பட்ட முழுப் பெயர்ப் பட்டியலே கிடையாது. காசு வாங்கிக்கொண்டு ‘பட்டியலில் பெயர் கண்டுபிடித்தேன்’ என்பவர் அந்தப் பட்டியலைத் தானே எழுதியிருப்பார்.

அதனால் உங்கள் வீட்டில் உள்ளதே ஆவணம். அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், எத்தனையாம் டிவிஷன், பெயர் கொடுத்தது கிராணியா (தோட்டக் கணக்கர்) கங்காணியா, லாரியில் ஏற்றிய மாதம், கூடப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள், செய்தி கொண்டுவந்தவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, எடுத்துக்கொள்வார்களா என்று விசாரியுங்கள். பதில் தாமதமாகலாம், விடாமல் திரும்ப எழுதுங்கள்.