செத்த செடியின் எண்ணைத் தொடாதீர்கள்

கே: ஒரே தாய்மரத்து விதையில் 200 இலுப்பைக் கன்றுகள் வளர்த்துவிட்டோம். எங்கள் தாவரவியல் தோட்டத்துக்கு இலுப்பை போதும் அல்லவா?

ப: நிழலுக்குப் போதும், சேகரிப்புக்குப் போதாது. 200 கன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முடிந்தால் 50 தாய்மரங்கள், முடியாவிட்டால் பத்துப் பதினைந்தாவது வேண்டும். மரத்துக்கு மரம் 100 மீட்டராவது தள்ளி எடுங்கள். முற்றிய விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்காதீர்கள். தாய்க்கு ஒரு பை. உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு.

கே: நாவல் விதையை நன்றாக உலர்த்தி ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஆறு மாதம் கழித்து ஒன்றுகூட முளைக்கவில்லை.

ப: நன்றாக உலர்த்தியதுதான் வினை. நாவல், மா, பலா விதைகளுக்கு ஈரம் போனால் உயிரும் போகும். சதையைக் கழுவி ஓரிரு வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள்.

கே: படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன மரம்?

ப: ஓர் இலை, அதுவும் மங்கல். பூ இல்லை, காய் இல்லை, எந்த ஊர் என்றுகூட இல்லை. பூத்த கிளையோடு மறுபடி எழுதுங்கள்.

கே: பட்டுப்போன செடியின் அக்சஷன் எண்ணை, அதாவது தோட்டத்துக்கு வந்தபோது பதிவேட்டில் கொடுத்த எண்ணை, புதுச் செடிக்குக் கொடுத்தால் வரிசை விட்டுப்போகாமல் இருக்குமே?

ப: இந்த மாதம் மட்டும் இதையே நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கூடாது. வரிசை அழகாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

2016-0042 என்ற எண்ணில் ஒரு சந்தனம் இருந்தது என்று வையுங்கள். அந்த எண் அதன் உலர்ந்த கிளையை ஒட்டிவைத்த ஹெர்பேரியத் தாளில் இருக்கும், விதைப் பொட்டலத்தில் இருக்கும், இன்னொரு தோட்டத்துக்குக் கொடுத்த கன்றின் பதிவிலும் இருக்கும். அதை இன்று ஒரு வேங்கைக்குக் கொடுத்தால் அத்தனை பதிவும் பொய்யாகிவிடும். எண் செடிக்கு வைத்த பெயரல்ல, அது எங்கிருந்து எப்போது வந்தது என்பதற்கான சாட்சி.

ஒரே நாள், ஒரே இடம், ஒரே தாய் என்றால் ஒரே எண். கன்றுகளுக்கு அதன் பின்னால் ஏ, பி, சி. இனம் ஒன்றாயிருந்தாலும் இடம் மாறினால் எண் மாறும். செடி செத்தால் வரியை அழிக்காதீர்கள். தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். ஒரே பாத்தியில் மூன்று முறை வேரழுகல் என்று பதிவு சொன்னால், கோளாறு வடிகாலில் இருக்கிறது.

எக்செல்காரர்களுக்கு ஒரு சொல்: 2016-4 என்று அடித்தால் அது தேதியாக்கிவிடும். எண் வரும் பத்தியை முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள், ஆண்டுக்குப் பின் வரும் எண்ணை 2016-0004 என்று நான்கு இலக்கமாக எழுதுங்கள். ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் சந்தனத்தின் ஊர் வேங்கைக்குப் போய்விடும்.

கே: கருவேலத்தை இன்னும் அக்கேசியா என்று எழுதலாமா?

ப: அக்கேசியா என்ற பெயர் எந்த மரங்களுக்கு என்ற வாதம் 2011-லேயே முடிந்துவிட்டது. வாச்செலியா நிலோட்டிகா என்று லேபிளை மாற்றுங்கள். பழைய பெயர் பதிவேட்டில் இணைப்பெயராக இருக்கட்டும். எண்ணை மட்டும் தொடாதீர்கள்.

கே: லேபிளைக் கம்பியால் மரத்தில் கட்டினோம். பட்டைக்குள் புதைந்துவிட்டது.

ப: மரம் பருக்கும், கம்பி நீளாது. உடனே வெட்டி எடுங்கள். இனி அலுமினியத் தகட்டில் எழுத்தைப் பொறித்து, ஸ்பிரிங் வைத்து மாட்டுங்கள். தொட்டிச் செடிக்கு மண்ணுக்குள்ளும் ஒரு லேபிள் புதைத்து வையுங்கள், பென்சிலால் எழுதியதாக. மார்க்கர் மை இரண்டு வெயிலுக்குத் தாங்காது.